முன்னச்சு மாற்றப் போனேன்

குவா மூசாங்கில் சுண்ணாம்புக்கல் மலையடியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, கோலா பெத்திஸ் தாண்டி, மர லோரிகள் ஓடும் செம்மண் தடத்தில் இறங்கினோம். மழை. பெரிய டயர் போட்டு உயர்த்தியிருந்த என் பிக்கப், சேற்றில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி அழுத்தியதும் முன்பக்க சி.வி. ஜாயிண்டை உடைத்துக்கொண்டது. தவறு என்னுடையதுதான். வானொலியில் ஓயாமல் பேசுபவன், அங்கே வாயடைத்து நின்றேன். இழுத்து மீட்டது நண்பரின் 1990களின் ஹைலக்ஸ்: முன்னால் ஒரே இரும்பு அச்சு, லீஃப் ஸ்பிரிங். ஒரு சக்கரம் பாறையில் ஏறினால், மறுசக்கரம் தரையை அழுத்தி மிதிக்கிறது.

எனக்கும் அதுவே வேண்டுமென்று, ஜாயிண்ட் மாற்றும் சாக்கில் ஈப்போ பட்டறையில் கேட்டேன். அண்ணன் விரல்விட்டு எண்ணினார்: சேசியில் பழைய தாங்கிகளை வெட்டி, ஸ்பிரிங் தாங்கிகளை வெல்டிங் செய்யணும், ஸ்டியரிங் இணைப்பை மாற்றணும், முன், பின் டிஃப்ரன்ஷியல் பல் விகிதம் ஒன்றாக இருக்கணும், ஜேபிஜே அனுமதி வேற.

“இதில யாரு போவாங்க தம்பி?”

“அம்மா. வாரம் மூணு நாள் டயாலிசிஸ்.”

“அப்போ ரோட்டுக் குழியெல்லாம் அவங்க முதுகிலதான் விழும். ஜாயிண்டை மட்டும் மாத்தி, பழைய டயரையே போட்டுக்கிட்டுப் போங்க.”

போன வாரம் மறுபடி லோஜிங் காடு. நண்பர் வண்டியில், இடது இருக்கையில் நான். முதுகு இன்னும் வலிக்கிறது.