முரண்பட்ட நகல்

ஹவாய் மொழியில் விக்கி என்றால் வேகம். 1995-ல் முதல் விக்கியைத் தொடங்கிய வார்ட் கன்னிங்ஹாம், ஹொனலுலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்தார். எங்கள் வீட்டு விக்கி அவ்வளவு வேகமில்லை. அம்மாச்சி ஒரு வாரம் பேசுவார், ஒரு மாதம் வாயைத் திறக்கமாட்டார்.

2004-ல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கிய டிட்லிவிக்கியில்தான் எழுதுகிறோம். சர்வர் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம். குறிப்புகளும் அவற்றைத் தேடித் தரும் நிரலும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலுக்குள். மேகச் சேமிப்பில் போட்டுவிட்டால் என் லேப்டாப்பிலும் அக்கா லேப்டாப்பிலும் அதே ஃபைல்.

ஒரே தொல்லை, இருவரும் ஒரே நேரத்தில் எழுதிச் சேமித்தால் அது இரண்டையும் சேர்க்காது. முரண்பட்ட நகல் என்று இன்னொரு ஃபைலைப் பக்கத்தில் வைத்துவிடும். போன பொங்கலுக்கு அப்படித்தான் ஆனது. ‘தாத்தா வீட்டை விட்டுப் போன நாள்’ குறிப்பில், என் பிரதியில் அம்மாச்சி அழவே இல்லை. அக்கா பிரதியில் மூன்று நாள் சாப்பிடவில்லை.

“என்கிட்ட இப்படித்தான்டா சொன்னாங்க” என்றாள் போனில்.

அம்மாச்சியிடமே கேட்கலாம்தான். இருவரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்ல அவருக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். இரண்டையும் தனித்தனிக் குறிப்பாக ஒரே ஃபைலில் ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றதற்கு லிங்க் கொடுத்தேன். பிறகு அந்த நகலை அழித்தேன்.