மண்டபத்துக்கு உள்ளே, வெளியே

மாமல்லபுரம். மகிஷாசுரமர்த்தினி மண்டபம். உச்சி வெயில்.

வெளியே பாறை கண்ணைக் கூசவைக்கிறது. உள்ளே வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை. எட்டுக் கை, வில் வளைத்த நிலை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் பெருமாள். நடுவே தூண்கள்.

கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. கேமராவுக்குத் தெரியவில்லை.

மீட்டர் கணக்கு: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. வெளிப்பாறைக்கு 1/500 நொடி. துர்க்கைக்கு 1/2 நொடி. 250 மடங்கு வித்தியாசம். பின்மூலைக்குப் போனால் இன்னும் கூடும்.

துர்க்கைக்கு வைத்தால் வாசல் எரிந்துபோகிறது. வாசலுக்கு வைத்தால் துர்க்கையைக் காணோம்.

எச்.டி.ஆரின் வேலை இங்கேதான். கேமராவை அசைக்காமல், குறைத்தும் கூட்டியும் எடுத்த படங்களை ஒன்றாக்குவது.

1/500, 1/125, 1/30, 1/8, 1/2. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் இடைவெளி, அதாவது நான்கு மடங்கு.

மாற வேண்டியது ஷட்டர் மட்டும். அப்பர்ச்சரைத் தொட்டால் தூணின் கூர்மை படத்துக்குப் படம் மாறும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் ஒன்றில் கல் மஞ்சள், அடுத்ததில் நீலம். ஃபோகஸும் கையால்தான். இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் துழாவிக்கொண்டே இருக்கும்.

தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காத நாளில் துண்டை மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் கேமரா. இரண்டு நொடி டைமர்.

தரையில் கண்ணை வைத்துப் பார்த்தால் எருமைத்தலை மகிஷாசுரன் இன்னும் பெரியவன். இரண்டு கையிலும் பிடித்த கதாயுதம். தலைக்கு மேல் குடை. தோற்கப்போகிறவனுக்கும் குடையை விட்டுவைத்திருக்கிறார் சிற்பி.

இன்னொன்று. இங்கே வெளிச்சம் மேலிருந்து வரவில்லை. வெயில் வெளித்தரையில் பட்டு, எகிறி, கீழிருந்து உள்ளே வருகிறது. பிதுங்கி நிற்பவற்றின் அடிப்பக்கம்தான் வெளுப்பு.

ஏழாம் நூற்றாண்டு. உளி பிடித்தவர் எந்த வெளிச்சத்தில் பார்த்துச் செதுக்கினார்? விளக்கா, இதே எகிறல் வெளிச்சமா?

படங்களைச் சேர்ப்பது பழைய வேலை. புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே. பிரான்ஸ். 1850கள். அன்றைய கண்ணாடித் தகடு நீலத்துக்கு மட்டும் சட்டென்று மசியும். கடலுக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார்.

அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் ஒரே மேகம் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி. மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் வானம் வெறுமையாகத்தான் விழும். சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டியவரும் அவரே. நீளம் 19 அடிக்கு மேல். மேகம் தீட்டிய அதே கை. கல்வெட்டில் ஓர் எழுத்தையும் தொடவில்லை என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

சார்ல்ஸ் விக்காஃப். அமெரிக்கா. அணுகுண்டு சோதனைகளைப் படமெடுக்க ஒரே பிலிமில் மூன்று அடுக்கு. ஒன்று வேகம், ஒன்று நடுத்தரம், ஒன்று மிக மிக மந்தம். சூரியனைப் போன்ற தீக்கோளமும் அதைச் சுற்றிய இருட்டும் ஒரே சட்டத்தில்.

குண்டுக்காகச் செய்த வழியில் குகைக்கோயிலைப் பார்க்கிறேன். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

1997. கணினி ஆய்வாளர்கள் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக். ஸ்டான்ஃபோர்டு தேவாலயத்தின் உட்புறம், 16 படம், 30 நொடியிலிருந்து 1/1000 நொடிவரை. வண்ணக் கண்ணாடியும் தெரிகிறது, உத்தரத்து இருட்டும் தெரிகிறது. படங்களிலிருந்தே கேமராவின் குணத்தைக் கணக்கிட்டு, உண்மையான ஒளி அளவுகளை மீட்டார்கள். இன்று கணினியில் நான் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் அந்தக் கணக்கின் வாரிசுகள்.

சேர்த்து முடித்த 32 பிட் கோப்பை அப்படியே பார்க்க முடியாது. சாதாரணத் திரைக்கு அவ்வளவு வீச்சு இல்லை. தாளுக்கு அதைவிடக் குறைவு. பிழிந்து இறக்கினால்தான் படம். டோன் மேப்பிங்.

லூமினன்ஸ் எச்.டி.ஆர். இலவச மென்பொருள். அதில் பிழியும் முறைகளுக்கு ஆட்களின் பெயர். ரைன்ஹார்ட், டிராகோ, மாண்டியுக், ஃபத்தல்.

ஒரே துர்க்கை. ஃபத்தலில் பாறையின் ஒவ்வொரு புள்ளியும் துருத்துகிறது. உளித்தடம் எது, காலம் அரித்தது எது என்று பிரிக்க முடியவில்லை. ரைன்ஹார்டில் அமைதி, கொஞ்சம் சாம்பல். கல்லுக்கு ரைன்ஹார்ட் நல்லது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்ஃப்யூஸ் வேறு வழி. ஒளி அளவையெல்லாம் கணக்கிடாது. ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை எடுத்துக் கோக்கும். டோன் மேப்பிங்கில் தூணின் ஓரத்தில் வரும் வெள்ளை விளிம்பு இதில் குறைவு.

அந்த விளிம்பு. ஹேலோ. தெய்வத்துக்குப் பின்னால் வந்தால் பிரபை என்று ஏற்றுக்கொள்ளத் தோன்றும். கூடாது. சிற்பி வைக்காதது.

படிக்கட்டில் ஓர் அம்மா, கையில் பிள்ளை. அம்மா அசையவில்லை. பிள்ளை மட்டும் ஐந்து இடத்தில், ஐந்தும் அரைகுறை. கோஸ்ட் என்பார்கள். மென்பொருளிடம் நீக்கச் சொன்னால் ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்கிறது. எந்தப் பிள்ளை என்பதை அதுவே முடிவு செய்கிறது.

பாறையில் ஏறும் ஆடு. நான்கு காலுக்கு மேல்.

சவுக்கு மரம், கடல் காற்று. சேர்க்கவே முடியாது. பாறை நிற்கும், ஊசி இலை நிற்காது.

கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டியின் மடிப்பும் வேண்டும், கருப்பு மேனியின் பளபளப்பும் வேண்டும். ஆனால் ஓமப்புகை படத்துக்குப் படம் நகர்கிறது. அங்கே ஒரே படம், ரா கோப்பில். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படி; 14 பிட் ராவில் 16,384. வேட்டியைக் காப்பாற்றி எடு, நிழலைப் பிறகு தூக்கலாம்.

கண் என்ன செய்கிறது? கண்மணி விரியும், சுருங்கும். அது மட்டும் போதாது, விழித்திரையும் பழக வேண்டும். முழு இருட்டுக்குப் பழக அரைமணி வரை ஆகும். துர்க்கையைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்ததாக நினைப்பு.

அப்படியானால் கேமரா ஒரே நொடியில் பார்த்ததா நிஜம், நான் நின்று நின்று பார்த்ததா?

கைபேசி கேட்காமலே சேர்த்துவிடுகிறது. 2010இல் ஐஃபோனுக்கு எச்.டி.ஆர். வந்தபோது அது தனிப் பொத்தான். இப்போது பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது. கூகுளின் முறையில் தொடக்கத்தில் எல்லாமே வெளிச்சத்தைக் குறைத்து எடுத்த படங்கள். அடுக்கி அடுக்கி இரைச்சலைக் குறைத்து, பிறகு நிழலைத் தூக்கினார்கள். ஆட்டுக்கு நான்கே கால்.

கடற்கரைக் கோயில், விடியல். விமானம் கருப்பாக நிற்க வேண்டும், பின்னால் சிவப்பு. கைபேசி விமானத்துக்கு வெளிச்சம் போட்டுச் சாம்பலாக்கிவிட்டது. திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தேன். கருப்பு திரும்பியது.

கருவறை இருட்டு வேறு. அது வெளிச்சம் போதாமல் வந்த இருட்டில்லை. வைத்த இருட்டு. அங்கே கேமராவை எடுக்க மாட்டேன், அனுமதி இருந்தாலும்.

துர்க்கை படத்தின் கடைசி வடிவத்தில் பின்மூலையைக் கருப்பாகவே விட்டேன். தரவு இருக்கிறது, தூக்கினால் வரும். தூக்கவில்லை. நான் நின்றபோது அங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: மண்டபம் கிழக்குப் பார்த்தது. காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். சூரியன் வாசலுக்கு நேரே தாழ்வாக இருக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் இத்தனை வித்தியாசம் இல்லை. சீக்கிரம் போங்கள், ஒரு படமே போதும்.