மூன்று நாள் காத்திருக்கும் எண்

வடசென்னையில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகம். இன்குபேட்டரிலிருந்து 300 மில்லி கண்ணாடி பாட்டில் ஒன்றை வெளியே எடுத்தார் கெமிஸ்ட் மேடம். மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். பழுப்புக் கசடு மெல்ல அடியில் இறங்கியது. கந்தக அமிலம் பட்டதும் கசடு கரைந்து மஞ்சளானது. பியூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டச் சொட்ட அந்த மஞ்சள் வெளுத்தது. அப்போது ஸ்டார்ச்சை விட்டார், சட்டென்று நீலம். இனி அந்த நீலம் மறையும் சொட்டில் கை நிற்க வேண்டும்.

"ஒரு சொட்டு தாண்டினா மூணு நாள் வேலை வீண் சார். கண்ணை எடுக்கவே கூடாது."

கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சின என்பதே பிஓடி. முதல் நாள் நீரில் இருந்த ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் வழக்கமான கணக்கு 20 டிகிரியில் 5 நாள். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. சோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எண் கைக்கு வரும்போது, அது பேசும் தண்ணீர் கடலில் கலந்து மூன்று நாளாகிவிடுகிறது.

அந்த இடைவெளியை மூக்கால் நிரப்புகிறார் ஏரேஷன் தொட்டி ஆபரேட்டர். நுரையின் நிறம், வாடை, சகதி படியும் வேகம் மூன்றையும் வைத்தே ஏதோ தப்பு என்று சொல்லிவிடுவார். "ராத்திரி யாராவது ஆசிட் தண்ணியை லாரில கொண்டாந்து மேன்ஹோல்ல ஊத்திட்டா, காலைல தொட்டி செத்துக் கிடக்கும்ணா. பாக்டீரியா மறுபடி தேறி வர வாரக்கணக்காகும்." அவர் அறிவுக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

கழிவுநீர் உள்ளே வரும் வாய்க்காலின் ஓரம், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கல்லூரி ஆராய்ச்சி மாணவி அக்ரிலிக் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். உள்ளே காற்றுப் படாத அறையில் கார்பன் துணி. அதன்மேல் நுண்ணுயிரிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டியிருக்கின்றன. கழிவைச் செரிக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை அவை அந்தத் துணியிலேயே இறக்கிவிடுகின்றன. எலக்ட்ரான்கள் கம்பி வழியே, ஒரு ரெசிஸ்டரைக் கடந்து, காற்றுப் படும் மறுபக்க மின்முனைக்குப் போகின்றன. ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மில்லிவோல்ட்டை அளந்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும். தீனி கூடினால் மின்னோட்டம் ஏறும்; விஷம் வந்தால் சரியும். மூன்று நாள் வேண்டாம், சில மணி நேரத்துக்குள் சேதி வந்துவிடும்.

நுண்ணுயிரிகளிடமிருந்து மின்சாரம் வரும் என்று 1911-லேயே இங்கிலாந்தின் பாட்டர் காட்டினார். 1977-இல் ஜப்பானின் கருபே குழு அதைக் கொண்டு பிஓடியை அளந்தது. கொரியாவின் கிம் பியுங் ஹாங் குழு, இடையில் எந்த ரசாயனத் தூதும் இல்லாமலே இயங்கும் மின்கலத்தை பிஓடி உணரியாக்கியது. அப்படிப்பட்ட ஒன்று 5 ஆண்டுக்கு மேல் ஓடியதாகவும் அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது. வேலை செய்வது நுண்ணுயிரி, அது கூலியாகத் தின்பது நம் கழிவு என்பது என்னை விடாமல் வியக்கவைக்கிறது.

ஆனாலும் பெட்டியைப் பராமரிக்க ஆள் வேண்டும். நைட்ரேட்டோ ஆக்சிஜனோ உள்ளே புகுந்தால் எலக்ட்ரான்கள் அதற்கே போய்விடும். கழிவு நிறைய இருந்தும் அளவு குறைவாகக் காட்டும். கழிவு ஓர் அளவுக்கு மேல் போனால் படலத்தால் அதற்கு மேல் தின்ன முடியாது. மின்னோட்டம் ஒரே இடத்தில் நின்றுவிடும். வெயில் ஏறினாலும் எண் மாறும். அதனால் குளுக்கோஸும் குளூட்டாமிக் அமிலமும் கலந்த, பிஓடி தெரிந்த கரைசலை விட்டு, மேடத்தின் பாட்டில் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் மாணவி. பாட்டில் இல்லாமல் பெட்டிக்கு மதிப்பில்லை. மேடத்தின் வேலையை இது பறித்துவிடும் என்ற பேச்சை இதனால்தான் நான் ஏற்கவில்லை.

திரையில் ஓடும் கோட்டை ஆபரேட்டரிடம் காட்டி, தசமப் புள்ளிவரை எண் கிடைக்கும் என்று மாணவி விளக்கினார். ஆபரேட்டர் கேட்டது வேறு.

"எண் மேடத்துக்கு இருக்கட்டும்மா. கோடு திடீர்னு இறங்கினா ஷிப்ட் ரூம்ல மணி அடிக்குமா? அடிச்சா உள்ள வர்ற ஷட்டரை நானே மூடிடுவேன்."

எவ்வளவு இறங்கினால் அடிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார் மாணவி.