கேன்டீன் கார்டும் டிஸ்சார்ஜ் புக்கும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரத்தில் பல ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றே அடையாளம் சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும். முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். வங்கியில் பென்ஷன் பிரிவில் நான் இருந்த காலத்தில், நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று கொடுக்க வருவார்கள். சட்டை மடிப்புக் கலைந்திருக்காது. வரிசையில் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். ஆனால் சிலருக்குப் பேனாவைப் பிடித்தால் கை ஆடும். காலை பத்து மணிக்குப் போட்ட கையெழுத்து எங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகாது. அதே ஆள் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து போட்டால் புள்ளி பிசகாமல் பொருந்தும். இடையில் வீட்டுக்குப் போய் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்திருப்பார். குடித்ததால் கை நடுங்குகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் உடம்பிலிருந்து குடி இறங்கும்போதுதான் அந்த நடுக்கம் வருகிறது.

"மிலிட்டரி கேன்டீன்ல மலிவாக் கிடைக்குது, குடிக்கிறாங்க" என்பதுதான் ஊர்ப் பேச்சு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. நடு வயதில் வேலை முடிந்துபோகிறது. ஊரில் அண்ணன் தம்பி பங்குத் தகராறு காத்திருக்கிறது. பொழுது போகவில்லை. குடிக்கிற எல்லா மிலிட்டரிக்காரரும் போரை நினைத்துக் குடிப்பதில்லை; போரைப் பார்த்த எல்லாரும் குடிப்பதுமில்லை. ஆனால் தூங்குவதற்காகவே குடிக்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களை நாம் மற்றவர்களோடு சேர்த்து 'குடிகாரன்' கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அப்படி ஒருவரை அறிவேன். பெயர் வேண்டாம். ஹவில்தாராக இருந்து வந்தவர், இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அதன்படி போன படைக்கு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பும்வரை நம் படையில் மாண்டவர்கள் சுமார் 1,200 பேர். சியாச்சினுக்குப் போனவருக்கு ஒரு வசதி உண்டு: பனிமலை அங்கேயே நின்றுவிடும். யாழ்ப்பாணம் போனவர் புதுக்கோட்டைக்குத் திரும்பினால் இங்கும் அதே பனைமரம், அதே கிடுகு வேலி, அதே வெயில். லெணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று மூன்று அகதி முகாம்கள் வேறு. பஸ்ஸில் யாராவது ஈழத் தமிழில் பேசினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். தெருவில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டி மூடியிருந்தால் அந்தப் புது மண்ணில் கால் வைக்க மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். கண்ணிவெடி புதைத்த சாலைகளில் நடந்த கால் அது. என்னிடம் ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "அங்க செத்தவனும் 'ஐயோ அம்மா'ன்னுதான் சார் கத்துனான்."

அவர் வீட்டம்மா சொன்னது இன்னும் கனமானது. "குடிச்சா சத்தமில்லாமப் படுத்துடுவாரு சார். குடிக்காத ராத்திரிதான் எனக்கு பயம்."

அமைதிப்படை சென்னையில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நடந்த கொலைகளை அந்த மக்கள் இன்றும் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் சாதாரண ஜவான் நிலையை யோசித்துப் பாருங்கள். பெருமையாகச் சொல்லவும் ஊரில் இடமில்லை, மனசு அறுக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. வாய்க்குள் பூட்டியதை ரம் ஊற்றித்தான் கழுவ வேண்டியிருந்தது.

வீரனுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. பழந்தமிழ் இலக்கணத்தில் வெட்சி மறவர் ஆநிரை கவர்ந்து வந்து கள்ளுண்டு களிப்பதற்கு 'உண்டாட்டு' என்று ஒரு துறையே வகுத்தார்கள். நடுகல்லுக்கும் கள் படைத்தார்கள். அந்த மறவனுக்கு அன்றிரவு தூக்கம் வந்ததா என்பதற்குத் துறை வகுக்கவில்லை. உலகமும் தாமதமாகத்தான் கேட்டது. போர் மனசில் விட்டுப்போகும் காயத்தை முதல் உலகப் போரில் ஷெல் அதிர்ச்சி என்றார்கள், கோழைத்தனம் என்றும் சொன்னார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் ஏற்றினார்கள். அதே வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அங்கே ஐந்தில் ஒருவர் போல ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலரே. இடம் மாறியது, பழக்கமும் விட்டது. நம் ஜவானுக்கு அந்த வழியும் அடைத்துவிட்டது: பட்டாளத்தில் பழகிய ரம் கேன்டீன் கார்டில் மாதக் கோட்டாவாகக் கூடவே வருகிறது, சலுகையாக, மரியாதையாக. கோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் டாஸ்மாக் இருக்கவே இருக்கிறது.

குடி தூக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்து, பின்னிரவில் பிடுங்கிக்கொள்ளும். முன்னிரவில் அமுங்கிக் கிடந்த கனவு விடியற்காலை இன்னும் மூர்க்கமாக வரும். மறுநாள் அளவு கூடும். இப்படியே பத்து வருடம் ஓடினால் எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாது.

குடும்பத்தார் செய்கிற இரண்டு காரியங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்த வைப்பது. நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். கயிற்றைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், சாமி கோபிக்காது. இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்தும் மாத்திரை, பொடி கலப்பது. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம்.

முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதை முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நேரில் போகக் கூச்சமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது "குடிக்கிறாரு டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதுதான் வழக்கம். பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாகப் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக் கிடக்கும். அதையும் எடுத்துப் போங்கள். எந்த வருஷம் எங்கே இருந்தார், எப்போதிலிருந்து தூங்கவில்லை என்று வீட்டம்மாவே சொல்லட்டும். மருத்துவரிடம் வர மிலிட்டரிக்காரர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுங்கள்.