ஓய்வும் ஆரோக்கியமும்

கோடை விடுமுறை தொடங்கியதும் மக்தப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் நடத்தும் பாடம், ஆரோக்கியத்தையும் ஓய்வு நேரத்தையும் பற்றிய நபிமொழிதான். இவ்விரு நிஃமத்துகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் நட்டமடைந்து நிற்கிறார்கள் என்பது அதன் கருத்து. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியைப் பிள்ளைகள் இரண்டே நாளில் மனனம் செய்துவிடுகிறார்கள். அவர்களிடம் ஓய்வும் இருக்கிறது, ஆரோக்கியமும் இருக்கிறது. இரண்டும் கைநழுவிக்கொண்டிருப்பது அவர்களை அழைத்து வரும் தந்தையருக்கும் பாடம் நடத்தும் நமக்கும்தான்.

2025ஆம் ஆண்டின் விடுமுறையில் இப்பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், இறந்துபோன நடிகர் மனோஜுக்கு எங்கள் அத்தாவின் வயதுதானாமே?" என்று கேட்டார். இயக்குநர் பாரதிராஜாவின் மகன் மனோஜ், அவ்வாண்டு மார்ச் 25 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 48. ரமளானின் கடைசிப் பத்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. தராவீஹ் முடிந்து வெளியே வந்தவர்கள் கைபேசியில் அச்செய்தியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1999இல் 'தாஜ்மஹால்' வெளியானபோது நம்மில் பலர் இருபதைத் தொட்ட இளைஞர்கள். திரைப்படம் பார்த்தவர்களும் பாராதவர்களும் அந்தப் பெயரை அறிவோம். முதுமையில் இருக்கும் தந்தைக்கு முன்னால் மகன் போய்விட்டாரே என்பதுதான் எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது.

மாணவர்களின் அடுத்த கேள்வி வேறு விதமானது. நடிகர் ஒருவருக்காக, அதிலும் நம் மார்க்கத்தைச் சாராத ஒருவருக்காக, நாம் வருந்தலாமா? ஒருமுறை ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடைய ஜனாஸா என்று தோழர்கள் தெரிவித்தார்கள். அதுவும் ஓர் உயிர் இல்லையா என்று அண்ணலார் திருப்பிக் கேட்டார்கள். இந்த வரலாற்றை மட்டும் சொன்னோம். மேற்கொண்டு விளக்கம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

விளக்கம் தேவைப்படுவது பெரியவர்களுக்குத்தான். ரமளானும் இத்தகைய செய்திகளும் சேர்ந்தே வருவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. 2021இல் நடிகர் விவேக் ஏப்ரல் 17 அன்று காலமானபோது நோன்பின் முதல் வாரம். 2024 மார்ச் 29 அன்று டேனியல் பாலாஜி காலமானார். அவருக்கும் 48 வயதுதான். ஒவ்வொரு முறையும் பள்ளிவாசலுக்கு வெளியே ஒரு சபை கூடிவிடும். விவேக்கின் இறப்புக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் நம் மஹல்லாவிலும் இருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் அறிவித்தது. முதல் செய்தியைப் பரப்பிய கைகள் இரண்டாவது செய்தியைப் பரப்பவில்லை. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். உடனே, உடற்பயிற்சிதான் ஆளைக் கொல்லும் என்றொரு ஃபத்வாவையே நம்மவர்கள் வழங்கிவிட்டார்கள். நடப்பதற்கே சோம்பும் நமக்கு அது மிகவும் வசதியான தீர்ப்பு. பெங்களூருவிலோ அதே செய்தி மக்களை மருத்துவமனைக்கு அனுப்பியது. ஜயதேவா இருதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தோரின் கூட்டம் அந்நாட்களில் பெருகியது. நம் தேநீர்க் கடைச் சபை முடிவுறும்போது தட்டில் சமோசா தீர்ந்திருக்கும். அதற்குமேல் அதனால் விளைந்தது ஒன்றுமில்லை.

இதை நாம் வேடிக்கையாக எழுதவில்லை. நம்முடன் ஓதிய ஆலிம் ஒருவர் 44 வயதில் வஃபாத்தானார். இரவெல்லாம் நெஞ்சு கனத்திருக்கிறது, வியர்த்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று கருதி சோடாவும் ஓமத் திரவமும் அருந்திவிட்டு, ஃபஜ்ர் தொழவைத்தபின் மருத்துவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஃபஜ்ருக்கு அவர் இல்லை. அஜல் வந்துவிட்டால் ஒரு நொடியும் பிந்தாது என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையைச் சோடாவுக்குச் சான்றாகக் காட்டுவது முறையல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

நம் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ர் முதல் இஷா வரை பெரும்பகுதி உட்கார்ந்தே கழிகிறது. பாடத்துக்கு இடையில் தேநீர், அதனுடன் பிஸ்கட். நிக்காஹ் எங்கு நடந்தாலும் ஹஜ்ரத்துக்கு முதல் சஹன். மறுத்தால் வீட்டார் மனம் நோகும். இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அக்கணக்கில் மார்க்கக் கல்வி கற்பிப்போர் குறைவாக இருக்க வழியில்லை என்பது நம் எண்ணம். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரக்கூடும். மூச்சு வாங்குவதும் காரணமின்றி வியர்ப்பதும் தாடையிலோ இடக்கையிலோ தோன்றும் இழுப்பும்கூட அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

வசதி இல்லை என்று நாம் சொல்லவும் முடியாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு முதல்வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். செங்கல்பட்டில் இருக்கும் நமக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. உடலுக்கும் உன்மீது ஹக்கு உண்டு என்று, இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த இளம் ஸஹாபிக்கே உணர்த்தப்பட்டது. இரவெல்லாம் கைபேசி பார்ப்போருக்கு அது எத்துணை பொருந்தும்!

மே மாதத்தில், அக்னி நட்சத்திர வெயிலைக் கருதி ஃபஜ்ர் முடிந்தவுடனே புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பிள்ளைகளையும் சில தந்தையரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். மாமல்லபுரத்தில் கடலைக் காட்டினோம். முழங்காலுக்கு மேல் நனைய எவரையும் விடவில்லை. அங்கே அலை திரும்பும் வேகம் காலடி மணலையும் சேர்த்து இழுக்கிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் அக்கடல் கொண்டுபோய்விடுகிறது. சில தந்தையர் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

அங்கிருந்து தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்துக்குச் சென்றோம். மெல்லிய மஸ்லின் துணியைக் கப்பலேற்றிய டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை அங்கே சிதைந்து நிற்கிறது. அதற்குள் ஓர் அடக்கத்தலம். டச்சு எழுத்துகளும் சின்னங்களும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட கற்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அத்துறைமுகத்தில் யாவரும் அறிந்த பெரிய மனிதர்கள் அவர்கள். ஒரு பெயரைக்கூட எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள்; பிறகு மதில் வரை ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். தந்தையர் இருவர் சேர்ந்து ஓட முயன்று, பாதியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டனர். பள்ளிவாசலுக்கு வெளியே கூடும் சபையில் உரக்கப் பேசுவோர் அவ்விருவர்தாம்.

திரும்பும் வழியில் அவர்களே பேச்சைத் தொடங்கினார்கள். இப்போது ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின் கொளவாய் ஏரிப் பக்கம் நடக்கிறோம். முதல் வாரம் நால்வர். சென்ற வாரம் எழுவர். எழுவரும் சர்க்கரை பரிசோதித்துக்கொண்டோம். மூவருக்கு அன்றுதான் தெரியவந்தது. நடை முடிந்ததும் தேநீர் உண்டு. அதில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்ற மஸ்அலாவில் மட்டும் இன்னும் இஜ்மா ஏற்படவில்லை.