மெய்யான நேரம் எது?

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து, காட்டாங்குளத்தூர் இரயில் நிலையத்தில் தாம்பரம் வண்டிக்காகக் காத்திருந்தோம். பேரன் உள்ளங்கையை விரித்து, "இதன் வழியே நொடிக்கு ஒரு மியூவான் பாய்கிறதாம், தாத்தா" என்றான்.

அப்பெயர் நமக்குப் புதிதன்று. நம் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வானிலிருந்து பொழியும் இத்துகள்களின் தொல்லையின்றி நியூட்ரினோவைத் தேட, அறிஞர்கள் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை இறக்கினார்கள். 1965-இல் தேடியது கிடைத்தது. "தங்கம் எடுக்கும் குழியில் வானத்தைத் தேடுகிறார்கள்!" என்று தந்தையார் சிரிப்பார்.

நம்மை மலைக்க வைத்தது வேறு. மியூவான் பிறப்பது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டால், அதன் சராசரி ஆயுள் 2.2 கூறு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். பின் நம் கைக்கு எவ்வாறு வந்தது? விரைந்தோடுவதன் கடிகாரம், நின்று நோக்குவோருக்கு மெதுவாக நடக்கும் என்கிறது ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கொள்கை. மியூவானைக் கேட்டால், "என் கடிகாரம் சரியே, உங்கள் வானந்தான் குறுகிவிட்டது" என்னுமாம்!

சுரங்கத்தில் பாறை வெடித்த நாள்களில், வாயிலில் நின்ற அன்னையாருக்கு நேரம் நீண்டது. அது மனத்தின் வேலை. இதுவோ அளந்தே பார்த்த உண்மை என்று பேரன் சாதித்தான்.

"அப்படியானால் மெய்யாகக் கழிந்த நேரம் எவ்வளவு?" என்றோம்.

"யாருக்கு, தாத்தா?" என்றான்.

வண்டி வந்துவிட்டது.