தேதிக்குப் பூக்கும் செடிகள்

ஊட்டி மலர்க்காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முண்டியடித்துப் பார்ப்பது, அது நடக்கிற பூங்காவில் பூக்காத பூக்களைத்தான். 2024 மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு போனபோது புல்தரையில் ஒரு மலை ரயிலும் ஒரு டிஸ்னி கோட்டையும் நின்றன. சட்டம் கட்டி, அதன்மேல் கார்னேஷன் பூக்களை நெருக்கமாகச் செருகிச் செய்த உருவங்கள். கார்னேஷன் பசுமைக்குடிலில் வளர்கிற கொய்மலர். நீளக் காம்போடு வெட்டி, கட்டுக் கட்டாகப் பெட்டியில் வந்து இறங்கும். வேலை செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயிலின் ஜன்னல் கம்பிவரை கவனமாகச் செய்திருந்தார்கள். என் மகளுக்கு இன்ஜின் முன்னால் நின்று படம் எடுத்தே ஆக வேண்டும். மனைவி அவளோடு வரிசையில் நின்றாள். அம்மா மட்டும் ரயிலை ஏற இறங்கப் பார்த்தார்.

"சப்பரம் சோடிச்சாப்பல இருக்குது" என்றார். அவ்வளவுதான். திரும்பிக் காட்சி மாடத்துப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

அம்மா சத்தியமங்கலம் பக்கத்துக்காரர். பல வருஷம் மல்லிகைக் காட்டில் விடியுமுன் மொட்டுப் பறித்தவர். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். செடியிலேயே விரிந்துவிட்டால் சந்தையில் சீந்த ஆளில்லை. பூ என்றால் அவருக்குக் கிலோ, முகூர்த்த நாள், மார்க்கெட் வண்டி புறப்படும் நேரம். பறிக்காமல் விட்டு வைத்து வேடிக்கை பார்க்கிற பூவை எழுபது வயதுக்குமேல்தான் பார்க்க வந்திருக்கிறார்.

மாடத்தில் படிப்படியாகத் தொட்டிகள். அண்மை ஆண்டுகளில் அங்கே சுமார் 35,000 தொட்டிகள் வைப்பதாகத் தோட்டக்கலைத் துறை சொல்கிறது. சால்வியா, பெட்டூனியா, மேரிகோல்டு, டயான்தஸ், பேன்சி, டெல்பினியம், ஆஸ்டர், பிகோனியா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கூட்டம் ஒரு வாசலில் நுழைந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடியே மறு வாசலில் வெளியேறியது. அம்மா நகரவில்லை. குனிந்து ஒரு சால்வியாத் தொட்டியின் அடித்தண்டைப் பார்த்தார், பிறகு அடுத்த தொட்டியை, பிறகு மேல் படியில் இருந்ததை.

"ஏம்ப்பா, இத்தனையும் ஒரே நாள்லயா பூக்கும்?"

மலர்க்காட்சியில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாதி விடையை நான் அந்த ஜனவரியிலேயே பார்த்திருந்தேன். வேறு வேலையாக ஊட்டிக்குப் போனவன், விடிந்ததும் பூங்காவுக்குள் நுழைந்தேன். புல்தரை முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது, உறைபனி. ஆட்கள் குல்லாவும் ஸ்வெட்டருமாகக் குழாயைத் திறந்து, வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். இரவில் உறைந்த இலையின்மேல் காலை வெயில் சுள்ளென்று விழுந்தால் இலை கருகிவிடும். பாத்திகளில் செடியே கண்ணில் படவில்லை. எல்லாவற்றின் மேலும் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை ஒடித்துக் கூரை போலச் செருகி வைத்திருந்தார்கள். மாலையில் மூடுவது, காலையில் பார்த்துத் திறப்பது. மே மாதத்துப் பூ அப்போது அந்தக் கிளைகளுக்கு அடியில் இரண்டு இலையோடு நின்றது.

நாற்றங்காலில் ஒருவர் பெட்டூனியா விதைத்துக்கொண்டிருந்தார். ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 10,000 விதை இருக்கும், ஊதினால் பறந்துவிடும். சலித்த மணலோடு கலந்து விரலிடுக்கில் எடுத்துத் தட்டில் தூவினார். மேலே மண் போட்டு மூடவில்லை. பெட்டூனியாவுக்கும் பிகோனியாவுக்கும் முளைக்க வெளிச்சம் வேண்டும், புதைத்தால் வராது. தண்ணீரையும் மேலிருந்து ஊற்றவில்லை. தட்டை அப்படியே தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊற விட்டார். ஈரம் கூடிப்போனால் நாற்றழுகல் வந்து, முளைத்த ஒரு தட்டு நாற்றும் கழுத்தொடிந்து சாய்ந்துவிடும். பேச்சுக்கொடுத்தேன். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். மூச்சைக் கூட அடக்கித்தான் விட்டார்.

இந்த மலையில் இந்த வேலை தொடங்கியதே காய்கறிக்காகத்தான். குளிர் தேடி வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள், 1840-களில் மாதச் சந்தா போட்டு இங்கிலாந்துக் காய்கறி பயிரிட ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா அடிவாரத்தில் மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் பூங்காவாக்கியது அவர் காலத்தில்தான். இன்றைக்கு அது 22 ஹெக்டேர். புத்தகங்களில் மெக்ஐவர் பெயர் இருக்கிறது. சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. மலர்க்காட்சி 1896-இல் தொடங்கியது என்பார்கள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் காட்சி நடக்கவில்லை. அப்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

அம்மாவின் கேள்விக்கு மீதி விடை, மாடத்தின் ஓரத்தில் வாடிய பூக்களைக் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கிடைத்தது. பச்சை ஓவர்கோட், தலையில் துண்டு, ஐம்பதை ஒட்டிய வயது.

"அம்மிணி, இத்தனை செடியும் ஒண்ணா எப்படிப் பூக்க வெச்சீங்க?"

அவர் சிரித்தார். "ஒண்ணா விதைச்சா ஒண்ணாப் பூக்காதும்மா. முன்னப்பின்ன விதைக்கணும்."

டெல்பினியம் மெதுவாக வரும், அதனால் அதற்கு முதல் விதைப்பு. மேரிகோல்டு வேகமானது, கடைசியில் போட்டால் போதும். சைக்ளமனை விதையிலிருந்து கொண்டுவந்தால் பூக்க ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகும். எல்லாவற்றையும் காட்சி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தீர்மானிக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை சமவெளிக்கு ஒன்று, ஊட்டிக்கு ஒன்று. விதைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்த நாள் கணக்கை இங்கே நம்ப முடியாது. குளிரில் எல்லாமே தாமதம்.

"தேதியும் வருஷா வருஷம் ஒண்ணா இருக்காது. ஒரு வாரம் முன்னால இழுத்தாங்கன்னா எங்களுக்குக் கை கால் ஓடாது" என்றார்.

அவருடைய ஆயுதம் கட்டைவிரல் நகம். செடி வளர்ந்து வருகிறபோது நுனியைக் கிள்ளிவிடுவார்கள். நுனி போனால் பக்கக் கிளை வெடிக்கும், பூவும் கூடும். கூடவே பூக்கும் நாள் இரண்டு வாரம்போலத் தள்ளிப்போகும். அவசரப்பட்ட செடியை இப்படித்தான் பிடித்து நிறுத்துகிறார்கள். அதையும் மீறி மொட்டு வைத்தால் முதல் மொட்டையும் கிள்ளி எறிய வேண்டியதுதான். பின்தங்கிய தொட்டியைக் கண்ணாடிக் குடிலுக்குள் வெயில் படும் பக்கமாக நகர்த்துவார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டிருந்தது. ஊட்டிக்கு அது கேள்விப்படாத சூடு. பின்தங்கியதை விரட்டவே தேவையில்லாமல் போய்விட்டதாம். முந்திக்கொண்டு ஓடுவதை நிழலுக்கு மாற்றி மாற்றியே இடுப்பு ஒடிந்துவிட்டது என்றார்.

"மொட்டைக் கிள்ளிப் போடுவீங்களா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். மொட்டு என்பது காசு. அதைக் கிள்ளி உரக்குழியில் கொட்டுவது அவருக்கு எளிதில் செரிக்கவில்லை. பிறகு சட்டென்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் ஓரம் கறுத்து, உள்தோல் காய்த்துப் போயிருந்தது.

"இது பூவுல வந்ததில்லையே?"

"தேயிலைம்மா. சின்ன வயசுல கொழுந்து எடுத்த கை." அவருடைய பெற்றோர் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழக அரசு நீலகிரியில் 1968 முதல் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. டான்டீ என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். அதில் ஒரு லைன் வீட்டில்தான் அவர் வளர்ந்தார். கல்யாணமாகி ஊட்டிப் பக்கம் வந்ததும் பூங்கா வேலை. அங்கே பறித்தது எடைக்கு, இங்கே கிள்ளுவது கண்ணுக்கு, என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. முட்டி வலிக்கு எந்தத் தைலம் கேட்கும் என்பதற்குப் போய்விட்டார்கள்.

அதற்கு நடுவிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. வரிசையில் இருந்த ஒரு மண்தொட்டியை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்று கேட்டது. "இதுக்குத் தண்ணி வேணும்." அடுத்ததைத் தட்டினார். சத்தம் மந்தமாக, அடங்கி வந்தது. "இதுக்கு வேண்டாம்." அம்மாவும் ஒரு தொட்டியைத் தட்டிப் பார்த்தார். நானும் தட்டினேன். பிளாஸ்டிக் தொட்டி என்றால் இந்தச் சத்தம் வராது. கொஞ்சம் தூக்கிக் கனம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "வரவர பிளாஸ்டிக்தான் ஜாஸ்தி. தூக்கிட்டு ஏற லேசு. ஆனா தட்டிப் பேச முடியாது" என்றார். காட்சிக்குமுன் இந்தத் தொட்டிகள் எல்லாம் கையால் எடுத்துத்தான் படியேற்றப்படுகின்றன. பூத்த செடியை உதிராமல் தூக்கிக்கொண்டு ஈரப் படியில் நடப்பது தனி வித்தை. ஒன்று சாய்ந்தால் நிறவரிசை கெட்டுவிடும், மேலே இருப்பவர் கத்துவார்.

மகளும் மனைவியும் அதற்குள் படம் எடுத்து முடித்து வந்துவிட்டார்கள். மகளுக்கு அந்தப் பெண் ஒரு ஆன்டிரைனம் பூவைக் காட்டி, இருபக்கமும் லேசாக அழுத்தினால் வாய் திறப்பதைச் செய்துகாட்டினார். பிறகு அவளை இழுத்து நிறுத்த முடியவில்லை. "பூவைத் தொடாதே" என்ற பலகைக்கு நேர் கீழேயே இது நடந்தது. மீதிப் பூங்காவை நாங்கள் ஓட்டமாகத்தான் பார்த்தோம்: கற்படிமமாகிக் கிடக்கும் 2 கோடி ஆண்டு பழைய மரத்தண்டு, குரங்கு ஏறாத மரம், இத்தாலியன் பூங்கா. எல்லா இடத்திலும் தலைகள். வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கி சில நாள்தான் ஆகியிருந்தது, உயர் நீதிமன்ற உத்தரவு. அப்படியும் இவ்வளவு கூட்டம்.

நான் சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அம்மா தயங்கவில்லை. "எவ்வளவு தர்றாங்க?" என்று நேராகவே கேட்டார். அந்தப் பெண் தொகையைச் சொன்னார். தினக்கூலிதான், வேலைக்கு வந்த நாளுக்குத்தான். நீலகிரியின் அரசுப் பூங்காக்களிலும் பண்ணைகளிலும் இப்படி வேலை பார்க்கிறவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிய செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும், பூப் படத்துக்குக் கிடைக்கிற இடத்தில் கால்வாசி அளவில். எந்த விதையை என்றைக்குப் போட்டால் என்றைக்குப் பூக்கும் என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் முழுசாக இருக்க முடியாது. பனி ஒவ்வொரு வருஷமும் வேறு, வெயில் வேறு. அந்தக் கணக்கு இருப்பது இந்த ஆட்களிடம்தான். அவர்களை நாள்கூலியில் வைத்துக்கொண்டு பூவுக்கு மட்டும் ஒன்றேகால் நூற்றாண்டுப் பெருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை. மாடத்து வாசலில் விருந்தினர் பெயர்களோடு பளிச்சென்று ஒரு பலகை இருக்கிறதே, அதன் பக்கத்தில் நாற்றங்கால்காரர்களின் பெயரை எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும்.

மூன்று மணிவாக்கில் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் ரயிலையும் கோட்டையையும் விட்டுவிட்டு மாடத்துக்குள் புகுந்தது. அன்றைக்கு மாடத்துப் பூக்களை அதிகம் பேர் நின்று பார்த்தது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். மழைக்கு ஒதுங்கிய ஒருவர், "இதெல்லாம் ஓசூர்ல இருந்து லாரில வருதுங்க" என்று தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா குறுக்கே புகுந்து, விதைப்பதிலிருந்து நுனி கிள்ளுவதுவரை அவருக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார். மனுஷன் பாவம், ஒதுங்க வேறு இடமும் இல்லை.

மழை விட்டதும் மேற்பார்வையாளர் விசில் அடித்தார். வெளிப்பாத்தியில் பெட்டூனியா முழுக்கக் கூழாகிக் கிடந்தது. அதற்கு மழையே ஆகாது. அந்தப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். போகிற போக்கில் அம்மாவிடம், "ரெண்டாம் சீசனுக்கு வாங்கம்மா, செப்டம்பர், அக்டோபர்ல. கூட்டம் இருக்காது" என்றார். அதற்கு எப்போது விதைப்பீர்கள் என்று அம்மா கேட்டார். "இதை எடுத்துப் போட்டதும் ஆரம்பம்தான். ஜூன், ஜூலை" என்று சொல்லிக்கொண்டே அவர் பாத்திக்குள் இறங்கிவிட்டார்.